காருக்குள் எரிந்தது யார் வீட்டுத் தோல்

அன்று அந்தக் காருக்குள் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் தெருவில் எட்டுப் பேர் என்றார்கள், ஒன்பது பேர் என்றும் ஒரு கணக்கு ஓடியது. உண்மையில் ஆறு பேர்தான். ஓட்டியது என் மனைவியின் தம்பி குமரேசன், காரின் சொந்தக்காரன். அவனுக்குப் பக்கத்தில் நான், மடியில் பாஸ்போர்ட் பை. பின்சீட்டில் இடது ஜன்னலோரம் என் மாமியார். தோல் கம்பெனியில் முப்பது வருடம் தோலின் ஓரங்களை வெட்டிச் சீர்படுத்தியவர். நடுவில் என் மனைவி செல்வி. அவள் மடியில் எங்கள் மகள் தாரணி, ஏழாவது வயது நடக்கிறது. வலது ஜன்னலோரம் பக்கத்து வீட்டுக் கரீம் பாய். தோலுக்குச் சாயமும் மினுக்கமும் ஏற்றும் பினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழியில் வேலூர் பாகாயத்தில் மகள் வீட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஏறியவர். கார் ஐந்து பேர் உட்காரும் கார். இந்த ஆறு பேரில் விமானம் ஏற வேண்டியவன் நான் ஒருவன்.

இத்தாலியில் என்னோடு வேலை செய்யும் மார்கோவிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு விளங்கவே இல்லை. "மற்ற ஐந்து பேரும் பயணம் போனார்களா?" என்றான். இல்லை என்றேன். "உனக்கு வழி தெரியாதா?" தெரியும் என்றேன். "அப்படியென்றால் நீ உடம்பு சரியில்லாமல் இருந்தாயா?" என்று கவலையாகக் கேட்டான். இங்கே விமானம் ஏறப் போகிறவர் தன் பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு தனியாக ரயிலடிக்கு நடந்து போகிறார். வந்த புதிதில் என் வீட்டுக்கு எதிரே ஒரு பெண் அப்படிப் போவதைப் பார்த்து, பாவம், வீட்டில் பெரிய சண்டை போலிருக்கிறது என்று அன்று முழுக்க மனசு கஷ்டப்பட்டேன். ஒரு வாரத்தில் பழுப்பேறிய முகத்தோடு சிரித்துக்கொண்டே அவள் திரும்பி வந்தாள். கடலுக்குப் போயிருந்தாளாம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் கட்டிங் மேசையில் நின்று கற்றதுதான் படிப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு விமானம் மாறி, கடல் தாண்டி வந்தால், இங்கேயும் ஆற்றோரமாகத் தோல் தொழிற்சாலைகள். ஊரை விட்டு வந்தேனே தவிர மாட்டை விட்டு வரவில்லை. படிக்காதவனுக்கு ஒரு வியாதி உண்டு: காகிதம் என்றால் பயம். இங்கே 'பெர்மெஸ்ஸோ' என்று ஒரு அட்டை இருக்கிறது, தங்குவதற்கான அனுமதி. அதைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்க வேண்டும். அந்தக் கைரேகைக்குத் தேதி கிடைக்க ஏழு மாதம் காத்திருந்தேன். கிடைத்த தேதி ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது. அந்த அட்டை வந்தால்தான் செல்வியையும் தாரணியையும் அழைத்துக்கொள்ள மனு போட முடியும். மூன்று வருடமாக என் மகளுக்கு நான் செல்போனுக்குள் இருக்கும் ஆள். தேதி தவறினால் மறுபடி வரிசையின் கடைசி. அது தெரிந்தும், மகளின் காதுகுத்துக்காக, புதுப்பிக்க மனு கொடுத்த ஒரு ரசீதை மட்டும் நம்பிப் பத்து நாள் ஊருக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சென்னையில் விமானம். அதைப் பிடித்தால் ஞாயிறு இங்கே. திங்கள் கைரேகை. நடுவில் தும்மக்கூட நேரம் இல்லை.

நான் காலை எட்டுக்கே புறப்படலாம் என்றேன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், அதற்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. எட்டே முக்காலுக்குத்தான் அத்தை புளிக்காய்ச்சலை டப்பாவில் அடைத்தார். பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் ஒன்பது தாண்டிவிட்டது. ஆகவே பத்தரை வரை எல்லோரும் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. குமரேசனின் கார் நாலு கை மாறியது. முந்தின நாள் அதில் போனபோது முன்பக்கம் 'கடகட' என்று தகரச் சத்தம். "இது இன்னாடா சத்தம்? சென்னை வரைக்கும் போய்ச் சேருமா?" என்று அவனை ஏழெட்டு முறையாவது கேட்டிருப்பேன். காலையில் வண்டியை எடுத்தபோது சத்தமே இல்லை. "ராத்திரியே சரி பண்ணிட்டேன் மாமா. இப்ப கம்னு வாங்க," என்றான். சத்தம் நின்றதும் எனக்குப் பயம் அதிகமானது. சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்றாவது தெரியும்.

மாதனூர் தாண்டியதும் எனக்கு வாடை அடித்தது. கருகல் வாடை. ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். கரீம் பாய் தூக்கத்தில் இருந்தார்.

"குமரேசா, எதோ கருகுது."

"உங்க மூளைதான் மாமா கருகுது."

"இன்னாங்க, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் செல்வி. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பத்து நாளில் நான் இரண்டு முறை கேஸ் லீக் என்று வீட்டைக் காலி செய்திருந்தேன்.

வண்டியை ஓரங்கட்டவைத்தேன். நின்றதும் வாடை போய்விட்டது. அதற்குள் நெடுஞ்சாலையில் போனவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் அழைக்கவில்லை. பானெட் திறந்திருப்பதே அழைப்பு. ஒரு பைக்காரர் "வயரிங்" என்றார். இளநீர் வண்டிக்காரர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓட்டியிருப்பான் என்றார். ஒரு லாரி டிரைவர் எண்ணெய்க் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, மூக்கருகே வைத்து, "ஆயில் சுத்தமா இருக்குது" என்று சொல்லி என் கைக்குட்டையில் துடைத்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மா காரைப் பார்க்கவே இல்லை. "கொழந்தைக்கு மொதல்ல தண்ணி குடு," என்று செல்வியைத் திட்டிவிட்டு ஏறிப் போனார். பதினோரு பேர் நின்றார்கள். பதினோரு கோளாறு. ஒவ்வொருவருக்கும் குமரேசன் முதலிலிருந்து கதை சொன்னான்.

போன குளிர்காலத்தில் மார்கோவின் காரில் இதே போல ஒரு வாடை வந்தது நினைவுக்கு வந்தது. கருகல் என்பதற்கு இத்தாலியச் சொல் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது 'பூத்ஸா' ஒன்றுதான். நாற்றம் என்று அர்த்தம். "மார்கோ, உன் காரில் பூத்ஸா," என்றேன். அவன் முகம் சிவந்து, குனிந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். பிறகு அவனுக்கும் வாடை தெரிந்தது. உடனே வண்டியை நிறுத்தினான், மஞ்சள் சட்டை மாட்டினான், தூரத்தில் கொண்டுபோய் முக்கோணம் வைத்தான், போன் செய்தான், என்னை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தான். நான் பானெட்டைத் திறக்கப் போனதற்கு "நோ, நோ!" என்று கத்தினான். ஒன்றரை மணி நேரம் குளிரில் நின்றோம். நூற்றுக்கணக்கான கார்கள் போயின. ஒருவரும் நிற்கவில்லை. "என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக் இல்லையே," என்றான். ஒரு ஆண்பிள்ளை, சொந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம்கூட வெட்கப்படாமல் அப்படிச் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மாதனூரில் மெக்கானிக் இல்லாத ஆளே கிடையாது. முக்கால் மணி நேரம் போயிற்று. எல்லோரும் சேர்ந்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்து எங்களை அனுப்பினார்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்று கிளம்பும்போது பானெட்டின் ஓரத்திலிருந்து நூல் போலப் புகை வந்தது. இந்த முறை வாடை எல்லோருக்கும் அடித்தது. கரீம் பாய் தூக்கத்திலேயே மூக்கைச் சுருக்கி, கண்ணைத் திறக்காமல், "யாரு தோலு எரிக்கிறது?" என்றார்.

அதற்குப் பிறகு வேலூர் வரை வண்டி ஓடவில்லை, நொண்டியது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், பத்து நிமிடம் ஆற வைப்பு. வேலூர் புறவழிச் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. அவர் பெயர் சம்பத்து, போளூர்ப் பக்கத்துக்காரர். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாவியைக் குமரேசனிடம் கொடுத்தார்.

"கிளட்ச் பிளேட்டு போச்சு. கியர் பாக்ஸ எறக்கணும். எட்டாயிரம் ஆவும். நாளைக்கி சாயங்காலம் வாங்க."

"நாளைக்கா? எனக்கு ஆறு மணிக்கு பிளைட்டுங்க!"

"பெட்டிய எடுத்துகினு பஸ்ஸு புடிங்க சார்."

பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ, அங்கிருந்து பேருந்து, நடுவில் எங்காவது ஊர்வலம், மறியல், டயர் பஞ்சர் என்று எல்லாம் கண்முன்னால் ஓடியது. செல்வி தாரணியின் புதுக் கம்மலைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாக இருந்த கம்மல் அது. அவள் அப்படிச் செய்தால் அழுகையை அடக்குகிறாள் என்று அர்த்தம்.

அப்போது அத்தை காரை விட்டு இறங்கி வந்தார்.

"தம்பி, இன்னா சாப்ட்ட?"

"சாம்பார் சோறும்மா. ஏன்?"

"அதான். ஒன் மூக்குல சாம்பார் இருக்குது. இது கிளட்ச்சு இல்ல. தோலு."

சம்பத்து சிரித்தார். "ஆம்பூர்க்காரங்க கையில ரோசாப்பூவ குடுத்தாலும் மாட்டு வாடதான் அடிக்கும்."

"மாடுதான் தம்பி," என்றார் கரீம் பாய், அவர் சிரிக்கவில்லை. "கிளட்ச்சுல ஏது மாடு? ஆனா இது நம்ம சரக்கு இல்ல. இதுல மரமும் இருக்குது. பட்டைல ஊறின தோலு."

"போங்க பாய். இது குரோம் தோலு. முப்பது வருசம் தொட்டிருக்கேன்."

"நீங்க தொட்டீங்க அக்கா. நான் மோந்தேன்."

எங்கள் ஊர் வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோலா, ரெக்சினா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டி நெருப்பில் காட்டுவோம். தோல் என்றால் முடி கருகும் வாடை வரும். பிளாஸ்டிக் என்றால் உருகும். குரோம் உப்பில் பதப்படுத்திய தோலின் சாம்பலில் பச்சை தட்டும். மரப்பட்டையில் பதப்படுத்தியது கரியாக உதிரும். கல்யாணத்தில் மாப்பிள்ளை போட்டிருக்கும் ஷூவைக்கூடச் சோதிக்காமல் விடமாட்டார்கள். ஆனால் மணி ஒன்றே முக்காலுக்கு, விமானத்துக்கு நாலேகால் மணி நேரம் இருக்கையில், வேலூரில் ஒரு ஒர்க் ஷாப் வாசலில் அந்தச் சோதனை ஆரம்பமாகும் என்று நான் நினைக்கவில்லை.

"அத்தை, டைம் ஆவுது! கார்ல இன்னா மாடு எரியுதுன்னு தெரிஞ்சி நமக்கு இன்னா ஆவப்போவுது?"

"எந்தத் தோலுன்னு தெரிஞ்சாத்தான மாப்ளே எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியும்," என்றார் அத்தை. தன் சுருக்குப் பையிலிருந்து தோலின் ஓரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். ஓய்வு பெற்றவர்கள் சிலர் கம்பெனி அடையாள அட்டையை வைத்திருப்பார்கள். அத்தை கத்தரியை வைத்திருக்கிறார்.

முதலில் அத்தையின் செருப்பு வார். சம்பத்துவின் லைட்டரில் காட்டியதும் அது சுருண்டு சொட்டியது. "அய்யய்யோ, அசல் தோலுன்னு அறுநூறு ரூவா வாங்கினானே பாவி!" என்று அத்தை கார், விமானம் எல்லாவற்றையும் மறந்து கடைக்காரனை ஐந்து நிமிடம் திட்டினார். அடுத்து கரீம் பாயின் பர்ஸ் மூலை. சாம்பலில் பச்சை. "பாத்தீங்களா? இது குரோம். இந்த வாடையா காருல அடிக்குது?" அத்தை பானெட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "இல்ல" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பாய் தலை நிமிர்ந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே. அதன் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் இடுப்பைப் பார்த்தார்கள். நான் போட்டிருந்தது எங்கள் இத்தாலிக் கம்பெனியில், பட்டையில் பதப்படுத்திய தோலில் செய்த பெல்ட். வேண்டாம் என்று சொல்வதற்குள் அத்தை நுனியில் ஒரு விரல் அகலம் கத்தரித்துவிட்டார்.

பாய் சாம்பலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கரி. மோந்தார். அத்தையிடம் நீட்டினார். அத்தை கண்ணை மூடி மோந்தார். பிறகு இரண்டு பேரும் பானெட்டுக்குள் குனிந்து நிமிர்ந்தார்கள்.

"மாப்ளே," என்றார் அத்தை, மெதுவாக. "வண்டிக்குள்ள எரியறது ஒங்க பெல்ட்டு."

நான் என்னையறியாமல் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். பெல்ட் என் மேல்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் வந்துவிட்டது. செல்விக்கு வரவில்லை. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய். மாமா ஒனக்கும் அதே மாதிரி ஒண்ணு குடுத்தாருல்ல? எங்கடா அது?"

குமரேசன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். பெல்ட் இருந்தது. நுனி இல்லை. வெட்டிய இடம் புதுசாக வெளுத்திருந்தது.

"என் இடுப்புக்கு நீளமா இருந்துதுக்கா. ஒரு சாண் வெட்டுனேன். எவ்ளோ நல்ல தோலு, வீணாக்கக் கூடாதேன்னு... மாமா வேற சத்தம் சத்தம்னு பேஜார் பண்ணிகினே இருந்தாரு. சைலன்சர் குழாய் மேல ஒரு தகடு ஆடுச்சி. அதுக்கு அடியில மடிச்சி சொருவினேன். சத்தம் நின்னுடுச்சில்ல?"

"சைலன்சர் குழாய் கொதிக்குமேடா!"

"வெல்டிங் பண்றவன் கையொற தோலுதான மாமா? அவனுக்கே ஒண்ணும் ஆவல."

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்ய முடியாது. மற்ற ஊரில் மேசை ஆடினால் காகிதத்தை மடித்து வைப்பார்கள். எங்களுக்குத் தோல் துண்டு. கதவு கிறீச்சிட்டால், தையல் மெஷின் அதிர்ந்தால், பிரஷர் குக்கர் பிடி லூசானால், எல்லாவற்றுக்கும் ஒரு தோல் துண்டு. எங்கள் வீட்டு மர பீரோவே நாலு பசுவின் மேல் நிற்கிறது என்று என் அப்பா சொல்வார். குமரேசன் மேல் கோபப்பட வாய் வரவில்லை. அவனை ஏழெட்டு முறை கேட்டவன் நான். பெல்ட் வாங்கி வந்தவனும் நான்.

சம்பத்து இப்போது சிரிக்கவில்லை. இன்ஜின் ஆற அரை மணி நேரம் காத்திருந்து, அந்தத் தகட்டைக் கழற்றினார். கீழே நாலாக மடிந்த தோல், பாதி கரி, பாதி இன்னும் தேன் நிறம். தகட்டில் ஒரு போல்ட் இல்லை, அதுதான் ஆட்டம். பழைய டப்பாவில் தேடி ஒன்றை எடுத்து முடுக்கினார். சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் அவர் எங்களை விடவில்லை. கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாய், இன்னொரு தடவ காட்டுங்க. எது மரம், எது மாடு? இதுக்கும் கிளட்ச்சுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டார். இருபது வருடத்தில் எத்தனை கிளட்ச் பிளேட்டைத் தப்பாகக் கழற்றியிருப்போம் என்ற யோசனை அவருக்கு வந்துவிட்டது போல. கரீம் பாய் உற்சாகமாகப் பாடம் எடுக்க உட்கார்ந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மணி இரண்டு நாற்பது.

கூலி முந்நூற்றைம்பது ரூபாய் என்றார். என்னிடம் இருந்த ரூபாயையெல்லாம் காலையில் வீட்டிலேயே கொடுத்துவிட்டு, வெறும் யூரோவோடு வந்திருந்தேன். இருபது யூரோ நோட்டை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத வச்சினு நான் டீ குடிக்க முடியுமா சார்?" என்று திருப்பிக் கொடுத்தார். குமரேசன் செல்போனில் முதலில் இருநூறு அனுப்பினான், வேறொரு கணக்கிலிருந்து நூற்றைம்பது அனுப்பினான். இருநூறு போயிற்று. நூற்றைம்பது சுற்றிக்கொண்டே இருந்தது. "அது வந்துடும், நீங்க கெளம்புங்க. கொழந்த மூஞ்சிய பாக்க முடியல," என்றார் சம்பத்து.

விமான நிலையம் சேர்ந்தபோது நாலு ஐம்பத்தெட்டு. ஐந்துக்குக் கவுண்டர் மூடுவார்கள். கரீம் பாய் பாகாயத்தில் இறங்கவே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் மகள் போன் செய்தபோது, "தோ, தெரு முனைல வந்துட்டேன்மா, சோத்த எறக்கி வை," என்றார். யாரோடும் சரியாகச் சொல்லிக்கொள்ள நேரமில்லை. தாரணி என் கையைப் பிடித்து ஓடிவந்து வாசலில் நின்றாள். அதற்கு மேல் விடமாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தேன். அங்கிருந்தவர் வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கதையைச் சொல்லியிருந்தால் அந்த விமானம் போயிருக்கும்.

திங்கள் காலை ஒன்பது இருபதுக்குக் கைரேகை வைத்தேன். அட்டை வந்தது. மனு போட்டேன். போன மாதம் செல்விக்கும் தாரணிக்கும் விசா கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, கேஸ் இணைப்பை ஒப்படைத்தாயிற்று, பீரோவைக் குமரேசன் வீட்டுக்குக் கொண்டுபோயாயிற்று. அத்தையும் இனி அவனோடுதான். அவனுடைய அதே காரில்தான் இவர்களும் விமான நிலையம் வருகிறார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

நேற்று போனில் செல்வி சொன்னாள். அன்று சுற்றிக்கொண்டிருந்த நூற்றைம்பது சம்பத்துக்குப் போகவே இல்லையாம். மூன்று நாளில் குமரேசன் கணக்குக்கே திரும்பிவிட்டதாம். அவன் வாரம் ஒருமுறை அந்த வழியாகப் போகிறான். ஆனால் அந்தக் கொட்டகையில் அவனுக்கு 'பெல்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்களாம், அதனால் நிற்பதில்லை.

"இந்தத் தடவ போற வழியில நானே குடுத்துட்டு வந்துடட்டாங்க?" என்று கேட்டாள்.

கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. குடுத்துடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பக்கம் இனி எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். வீடு இல்லை, சாவி இல்லை, வாசலில் நிற்க மகளும் இல்லை.

"வேணாம். நான் வரும்போது நேர்ல குடுக்கறேன்னு சொல்லு," என்றேன்.

"எப்ப வருவீங்கன்னு கேட்டா?"

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ஆக, வேலூர் சம்பத்துக்கு நான் தர வேண்டியது, இன்றைய தேதிக்கு: நூற்றைம்பது ரூபாய்.